வன்னியின் துயரைச் செய்தியாக்கும் தமிழ் இணைய ஊடகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் யூரியூப் தடங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்து நீங்கள் நடத்தும் செய்தித்தளங்களும் காணொளித் தடங்களும்தான் இன்று வன்னியின் பல வீடுகளில் பத்திரிகையின் இடத்தையும் வானொலியின் இடத்தையும் பிடித்திருக்கின்றன. ஒட்டுசுட்டானில் மாடு மேய்க்கும் பெரியவரின் சட்டைப்பையிலும், விடியமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகளின் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. உங்கள் செய்தி வெளியான சில நிமிடங்களில் வட்ஸ்அப் குழுக்கள் வழியாக அது ஊருக்குள் வந்துவிடுகிறது. உங்கள் பார்வையாளர்களிற் கணிசமானோர் புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கலாம். ஆனால், செய்தியில் வரும் மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள், தம்மைப் பற்றி நீங்கள் எழுதியதை அவர்களும் வாசிக்கிறார்கள் என்பதை நினைவூட்டவே இந்த மடலை எழுதுகிறேன். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இடையில் சில ஆண்டுகள் பத்திரிகை ஒன்றுக்குப் பிராந்தியச் செய்தியாளராகவும் இருந்தேன்.

குறை இருந்தால் உரிய இடத்தில் முறையிடலாமே என்று கேட்பீர்கள். உரிய இடம் எது என்பதுதான் சிக்கல். 2003 இல் ஊடகத்துறையினர் தாமாகவே அமைத்துக்கொண்ட இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு அச்சுப் பத்திரிகைகளை மனத்தில் வைத்து உருவானது. பாரிஸில் ஒருவர் தமது வீட்டு அறையிலிருந்து நடத்தும் தடத்தின் மீது அதற்குப் பிடி இல்லை. 1973 ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டமோ அரசின் கைக்குள் இருப்பது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு ஒன்றிடம் ஒப்படைக்கிறது. நினைவேந்தலுக்கு விளக்கேற்றியவர்களையே விசாரணைக்கு அழைத்த இடம் இது. அந்தச் சட்டத்தைக் காட்டி உங்களைத் திருத்தும்படி நான் எவரிடமும் கேட்கமாட்டேன். உங்கள்மீது இன்று பாய்வது நாளை உண்மையை எழுதுபவர்மீதும் பாயும் என்பதற்கு இந்த நாட்டில் வேறு சாட்சி தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் 2000 ஒக்ரோபரில் நிமலராஜனும், மட்டக்களப்பில் 2004 மே மாதத்தில் நடேசனும், கொழும்பில் 2005 ஏப்ரலில் கடத்தப்பட்டுச் சிவராமும், திருகோணமலையில் 2006 ஜனவரியில் சுகிர்தராஜனும் எனத் தமிழ்ச் செய்தியாளர் நால்வர் கொல்லப்பட்டார்கள். அவர்களின் படங்களை ஆண்டுதோறும் முகப்பில் போட்டு அஞ்சலி செலுத்துகிறீர்கள். அந்த மரபுக்கு உரிமை கோருபவர்கள் நீங்கள் என்பதால்தான் நேரடியாக உங்களிடமே பேசுகிறேன்.

முதலில், காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிய செய்திகள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் தொடங்கிய போராட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவி ஆண்டுக்கணக்காக நீண்டது. அதில் உட்கார்ந்தவர்களிற் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 முதல் இயங்குகிறது. அதன்மீது இந்தத் தாய்மாருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை என்பதை நீங்களே பல தடவை எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், அரசு விட்டுவைத்த அந்த வெற்றிடத்தில் ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றிக் கிடைக்கும் ஒரே தகவல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்றாகிறது. “இரகசிய முகாமில் உயிருடன்”, “அதிர்ச்சித் தகவல்”, “சற்றுமுன் வெளியான ஆதாரம்” என்று முகப்புப் படத்தில் சிவப்பு எழுத்தில் போட்டு, உள்ளே போனால் பெயர் தெரியாத எவரோ சொன்னதாகப் பத்து நிமிடம் பேசும் காணொளிகளை எண்ணிப்பாருங்கள். உங்களுக்கு அது ஒரு நாள் பார்வை எண்ணிக்கை. இங்கே அது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்வதும், கனடாவிலுள்ள உறவுக்கு அழைத்து விசாரிக்கச் சொல்வதும், பின் அடுத்த பேருந்தில் யாரோ ஒரு அரசியல்வாதியின் அலுவலகத்துக்குப் போவதுமாக வாரக்கணக்கில் நீள்கிறது. அந்தத் தகவலை வைத்துப் பணம் பறிக்க வருபவர்களும் இருக்கிறார்கள். மகனைக் கண்டதாகச் சொல்லிக் காசு கேட்டு வருபவனுக்கு உங்கள் காணொளியே அத்தாட்சிப் பத்திரமாகிவிடுகிறது.

2023 பெப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் அவர்கள், விடுதலைப் புலிகளின் தலைவர் உயிருடன் இருக்கிறார் என்று அறிவித்தார். ஒரு பொது மனிதர் வெளிப்படையாகச் சொன்னதைச் செய்தியாக்கியது தவறல்ல. அதே ஆண்டு நவம்பர் 27 அன்று, தலைவரின் மகள் என்று கூறிக்கொண்டு ஒரு பெண் ஆற்றிய உரை இணையத்தில் ஒளிபரப்பானது. அதையும் நீங்கள் செய்தியாக்கத்தான் வேண்டும். நான் கேட்பது அதற்கு அடுத்த கட்டத்தை. சொன்னவர் என்ன ஆதாரம் காட்டினார், முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கக்கூடிய காலத்தில் அந்த உரையை எவர் எப்படிச் சோதித்தார், அந்தக் குடும்பத்தை நேரில் அறிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதியவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் “உண்மையா? நீங்களே பாருங்கள்” என்று தலைப்பிட்டு, விசாரிக்கும் பொறுப்பைப் பார்வையாளரின் தலையில் இறக்கிவிட்டு நகர்ந்தார்கள். முடிச்சை அவிழ்க்காமல் கேள்விக்குறியோடு விடுவது நடுநிலை என்று நம்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது வேலையை அரைவாசியில் விடுவது என்றுதான் நான் சொல்வேன். தலைவரே உயிருடன் இருந்தால் என் பிள்ளையும் இருக்கலாம் என்று ஒரு தாய் எண்ணுவதற்கு வேறு தர்க்கம் தேவையில்லை.

மனிதப் புதைகுழிகள் பற்றிய செய்திகளில் இதே அவசரம் இன்னொரு வடிவம் எடுக்கிறது. மன்னார் நகரின் நுழைவாயிலில், சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் பழைய கட்டடம் இருந்த நிலத்தில் 2018 இல் எலும்புகள் வெளிப்பட்டு, மாதக்கணக்கில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அகழ்வு நடந்த நாட்களில் எண்ணிக்கை ஏற ஏறத் தலைப்புகளும் ஏறின. அவர்கள் யார், எந்த ஆண்டு, எவர் கொன்றார் என்பதெல்லாம் மண்ணைத் துடைக்கமுன்னரே தலைப்புகளில் முடிவாகியிருந்தது. 2019 மார்ச்சில், அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீற்றா அனலிற்றிக் ஆய்வுகூடம் தனக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளை 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று கணித்துச் சொன்னது. அந்த முடிவு பற்றிச் சட்டத்தரணிகளும் உறவினர்களும் கேள்வி எழுப்பினார்கள். எழுப்ப அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் ஊடகங்கள் செய்தது என்ன? சிலர் முடிவை ஒரு வரியில் போட்டு மறந்தார்கள். சிலர் சதி என்று முழங்கினார்கள். எலும்பிலுள்ள கதிரியக்கக் கார்பன் எப்படிக் குறைகிறது, அதைக் கொண்டு காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள், சில மாதிரிகளின் முடிவு முழுக் குழிக்கும் பொருந்துமா, வேறு எந்தச் சோதனைகளை நீதிமன்றத்திடம் கோரலாம் என்று வாசகருக்கு எளிய தமிழில் விளக்கிய கட்டுரையைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. அந்தக் குழியின் கரையில் போய் நின்று, தன் மகனின் பல்லை அடையாளம் காணலாம் என்று எண்ணிய தாய்க்கு அந்த விளக்கமாவது கிடைத்திருக்க வேண்டும்.

கொக்குத்தொடுவாயிலும் அதே கதைதான். 2023 ஜூன் இறுதியில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் எலும்புகளும் ஆடைத் துண்டுகளும் தென்பட்டன. முல்லைத்தீவு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கட்டம் கட்டமாக நடந்த அகழ்வு 2024 ஜூலையில் முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. 2009 இல் சரணடைந்தவர்களின் உறவினர்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடி அங்கே வந்தார்கள், வருவதற்கு உங்கள் தலைப்புகள் காரணமாக இருந்தன. அகழ்வில் ஈடுபட்ட பேராசிரியர் ராஜ் சோமதேவவின் இடைக்கால அறிக்கை, அந்த உடல்கள் 1994 க்கும் 1996 க்கும் இடைப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டிருக்கலாம் என்றது. அப்படியானால் தேடிவர வேண்டியவர்கள் வேறொரு தலைமுறைத் தாய்மார். அவர்களை நோக்கி எழுதப்பட்ட செய்தி மிகக் குறைவு. தொண்ணூறுகளில் பிள்ளையை இழந்து இன்று எண்பது வயதில் இருக்கும் ஒருவரைத் தேடிப்போய் மரபணு மாதிரி பற்றிக் கேட்பது, பழைய கோபத்தை மறுபடி தலைப்பாக்குவதைவிடக் கடினமான, பயனுள்ள செய்திப்பணியாக இருந்திருக்கும்.

இங்கே உங்களில் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரிகிறது: குரூரத்தைக் காட்டாமல் குற்றத்தை எப்படி நிரூபிப்பது? சுகிர்தராஜனையே எடுத்துக்கொள்வோம். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. அவர் எடுத்த படங்களில் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. சொல்லப்பட்ட கதை அதோடு நொறுங்கியது. அந்த மாதம் 24 ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் காட்டியதும் உடல்களைத்தான். ஆனால் ஒரு குறிப்பிட்ட பொய்க்கு மறுப்பாக, எங்கே எப்போது எடுத்தது என்று சொல்லக்கூடிய படத்தை, அந்த மறுப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குக் காட்டினார். மே மாதம் வந்தவுடன் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின், அதிலும் பெண்களின் சிதைந்த உடல்களை எடுத்து, இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் இல்லாமல், சோக இசை சேர்த்து, நடுவில் ஒரு காணி விற்பனை விளம்பரமும் ஓடவிட்டுப் போடும் காணொளியை அதனருகே வைத்துப்பாருங்கள். எந்தப் பொய்யை அது மறுக்கிறது? அந்தப் பெண்ணின் சகோதரி இன்னும் உயிரோடு இருக்கிறாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைத்தொலைபேசியில் அவள் அதைக் காண்கிறாள்.

இதில் அறம் மட்டுமல்ல, வழக்கும் கெடுகிறது. ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கையில் நடந்த குற்றங்கள் பற்றிய சான்றுகளைத் திரட்டவும் பகுப்பாயவும் பாதுகாக்கவும் மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்துக்கு ஆணை கொடுத்தது. இணையத்திலுள்ள படங்களையும் காணொளிகளையும் விசாரணைச் சான்றாக எப்படிக் கையாள்வது என்பதற்கு, அதே அலுவலகம் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2020 இல் பேர்க்லி நெறிமுறை என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதன் அடிப்படை எளிது: மூலக் கோப்பு மாற்றமின்றி இருக்க வேண்டும், எடுத்தவரிடமிருந்து இன்றுவரை யார் யார் கையில் அது இருந்தது என்று காட்ட முடிய வேண்டும். நம்மிடம் என்ன நடக்கிறது? வட்ஸ்அப்பில் அனுப்பும்போதே படம் சுருக்கப்பட்டு, அது எப்போது எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்ற தகவல் கழன்றுவிடுகிறது. பின் ஒரு தளம் தன் இலச்சினையை நடுவில் பதிக்கிறது. அடுத்த தளம் அந்த இலச்சினையை வெட்டித் தன்னுடையதைப் போடுகிறது. மூன்றாவது தளம் பாடல் சேர்க்கிறது. மூலக் கோப்பு வைத்திருந்தவரின் தொலைபேசியோ நீரில் விழுந்தோ விற்கப்பட்டோ போய்விடுகிறது. 2025 இல் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எலும்புகள் வெளிவந்துகொண்டிருந்த நாட்களில், செயற்கை நுண்ணறிவால் செய்த எலும்புக்கூட்டுப் படங்கள் உண்மைப் படங்களோடு கலந்து உலாவின. பகிர்ந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் குளக்கட்டில் நண்டு துளைத்த ஒரு சிறு ஓட்டையைக் கண்டும் பேசாமல் இருக்கும் கமக்காரன் வன்னியில் இல்லை. ஒரு பொய்ப் படத்தைக் காட்டி மற்ற ஆயிரத்தையும் பொய் என்று சொல்லக் காத்திருக்கும் அரச வழக்கறிஞர்களுக்கு வாய்ப்பை நாமே கொடுக்கலாமா?

அதிகாரபூர்வ மூலம் என்று வந்தாலும் சோதிக்கத்தான் வேண்டும். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின், அமெரிக்காவில் வாழும் ஒரு மாணவியின் படத்தைத் தேடப்படுவோரில் ஒருவர் என்று பொலிஸாரே வெளியிட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு வருவதற்குள் படம் உலகைச் சுற்றிவிட்டது.

இனி, எங்கள் ஊர்களுக்கே உரிய ஒரு சங்கடம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டும் விபரங்களை வெளியிடுவதை 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எங்கள் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகவே கருதுகிறது. பெயரைப் போடவில்லை, முகத்தை மறைத்துவிட்டோம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஐம்பது அறுபது குடும்பங்கள் மட்டுமுள்ள மீள்குடியேற்றக் கிராமத்தின் பெயரைப் போட்டு, பிள்ளையின் வயதையும் வகுப்பையும் போட்டு, தகப்பன் வெளிநாட்டில் என்றும் தாய் கூலி வேலைக்குப் போகிறவர் என்றும் எழுதி, வீட்டுப் படலையையும் காணொளியில் காட்டிய பிறகு, மறைக்கப்பட்டது எவரிடமிருந்து? கொழும்பு வாசகரிடமிருந்து மட்டும். அந்தப் பிள்ளையை நாளை பாடசாலையில் சந்திக்கப் போகிற அத்தனை பேருக்கும் நீங்கள் முகவரியே கொடுத்துவிட்டீர்கள். நகரத்தில் ஒருவரை மறைக்கப் பெயரை நீக்கினால் போதுமாக இருக்கலாம். கிராமத்தில் கிராமத்தையே மறைக்க வேண்டும். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டால் செய்தியின் உண்மை ஒரு துளியும் குறையாது.

தற்கொலைச் செய்திகளிலும் இதே பாடுதான், இன்னும் ஆபத்தோடு. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்று உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதே அது பெருமளவு குறையக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வயல் செய்யும் வீடுகளில் மருந்துப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிரதேசத்தில், எதைக் குடித்தார் என்று பெயர் சொல்லி எழுதுவதும், எழுதிவைத்த கடிதத்தைப் படமெடுத்துப் போடுவதும், நுண்நிதிக் கடன் ஒன்றுதான் காரணம், காதல் ஒன்றுதான் காரணம் என்று ஒற்றை வரியில் முடிப்பதும் உலக சுகாதார நிறுவனம் செய்தியாளர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டலுக்கு நேர் எதிரானவை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தை ஒவ்வொரு செய்தியின் கீழும் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலான தளங்களில் அந்த இடத்தில் இன்னொரு மரணச் செய்தியின் இணைப்பு இருக்கிறது.

உதவிக் காணொளிகளைப் பற்றி நான் எழுதத் தயங்கினேன், ஏனென்றால் அவற்றால் வீடு கட்டியவர்களும், கிணறு வெட்டியவர்களும், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அரசு செய்யாததைப் புலம்பெயர்ந்த உறவுகள் செய்கின்றன. அதற்கு நன்றி சொல்லாதவன் வன்னியில் வாழத் தகுதியற்றவன். ஆனால் நிவாரணப் பொதியைப் பிடித்திருக்கும் அதே கை ஒளிப்படக் கருவியையும் பிடித்திருக்கும்போது, “படம் எடுக்கலாமா அம்மா?” என்ற கேள்விக்கு ஒரு தாயால் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் தலையசைப்பதைச் சம்மதம் என்று பதிவுசெய்கிறீர்கள். பிறகு கேள்விகள் தொடங்குகின்றன: கணவர் எப்போது விட்டுப்போனார், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், இந்தப் பிள்ளைக்கு மாற்றுடுப்பு இருக்கிறதா. அவள் அழும் வரை கேள்வி ஓயாது. அழுதவுடன் கருவி முகத்துக்கு அருகே போகிறது. காணொளியைப் பார்த்துக் காசு வருகிறது. அதைப் பார்த்துக் கடன்காரரும் வருகிறார், குடித்துவிட்டுப் பிரிந்துபோன கணவனும் வருகிறான், தனியே இருக்கும் பெண் என்று தெரிந்துகொண்டு இரவில் தொலைபேசி எடுப்பவரும் வருகிறார். முன்னாள் போராளி ஒருவர் தன் வறுமையைச் சொன்ன காணொளிக்குப் பிறகு விசாரிக்க வருபவர்கள் வேறு. பிள்ளையோ உயர்தர வகுப்புக்குப் போகும் வயதிலும் “யூரியூப்பில் அழுத பிள்ளை” என்ற பட்டத்தோடுதான் போகிறது.

கொடுப்பவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்று தடம் நடத்தும் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயமான பதில். ஏமாற்று நடக்கிறது, கொடுப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் ஆதாரம் என்பது கண்ணீர் அல்ல, கணக்கு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும், அதிபரின் கடிதமும், வங்கிப் புத்தகத்தின் பிரதியும், வாங்கிய சீமெந்துக்கான பற்றுச்சீட்டும் முகத்தைக் காட்டாமலே கொடுத்தவருக்கு அனுப்பக்கூடியவை. கட்டிய சுவரைக் காட்டுங்கள், வெட்டிய கிணற்றைக் காட்டுங்கள். அந்தக் கிணற்றில் நீர் அள்ளும் பெண்ணை விட்டுவிடுங்கள். புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒன்று கேட்கிறேன்: முகம் காட்டாத வேண்டுகோளுக்கு நீங்கள் கொடுக்கத் தொடங்கும் நாளில்தான் முகத்தைக் காட்டும் காணொளிகள் குறையும். பார்ப்பவரின் விருப்பமே இந்தத் தொழிலின் முதல் ஆசிரியர்.

செய்தியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியிலிருந்து உங்களுக்குச் செய்தி அனுப்பும் பிராந்தியச் செய்தியாளரிற் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பெற்றோலும் தொலைபேசி டேட்டாவும் அவர் கைக்காசு. மாங்குளத்தில் விபத்து, மல்லாவியில் கூட்டம், வட்டுவாகலில் காணி அளவீட்டுக்கு எதிர்ப்பு என்று ஒரே நாளில் ஓடுபவரிடம், இன்னொருவரிடமும் கேட்டு உறுதிசெய் என்று சொல்ல உங்களுக்கு உரிமை வேண்டுமானால், அந்த இன்னொரு பயணத்துக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டும். அவர் நிதானமாக எழுதி அனுப்பிய செய்திக்கு “பரபரப்பு” என்று தலைப்பிடுபவர் வேறு நாட்டில் இருக்கிறார். அடுத்த நாள் சந்தையில் ஏச்சு வாங்குபவர் செய்தியாளர். புலனாய்வாளர் விசாரிக்க வருவதும் அவர் வீட்டுக்குத்தான். தலைப்பை வெளியிடமுன் அவருக்கு ஒருமுறை காட்டுவது என்ற ஒரு பழக்கம் போதும், பாதித் தவறுகள் குறையும் என்பது என் அனுபவத்தில் வந்த எண்ணம்.

திருத்தம் கேட்பதற்கு ஒரு வழி வேண்டும். உங்களிற் பலர் பெயரையும் முகவரியையும் வெளியிடாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் அதை நான் குறை சொல்லப் போவதில்லை. பெயர் இல்லாவிட்டாலும் திருத்தத்துக்கென்று ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கலாம், அதற்குத் தமிழில் பதில் சொல்ல ஒருவர் இருக்கலாம். பிழையான செய்தியைச் சத்தமின்றி அழித்துவிடுவது திருத்தம் ஆகாது. அதற்குள் அதை எடுத்துப் போட்ட இருபது தளங்களில் அது வாழ்ந்துகொண்டிருக்கும். அதே முகப்பில், அதே அளவு எழுத்தில், நேற்று நாம் சொன்னது தவறு என்று போட்டால் மற்றவர்களும் எடுத்துப் போடுவார்கள். பத்து ஆண்டுக்கு முன் முகாமில் எடுத்த படத்தை நீக்கும்படி இன்று ஒரு பெண் கேட்டால், ஏன் என்று காரணம் கேட்காமல் நீக்குங்கள். நீக்கியதை அவளுக்குத் தெரிவியுங்கள். மூலக் கோப்பை மட்டும் பாதுகாப்பாக வைத்திருங்கள், அது ஒருநாள் நீதிமன்றத்தில் தேவைப்படலாம்.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று செய்ய முடியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மாதர் சங்கத்தினர், கமக்கார அமைப்பினர் என்று ஊருக்கு இருவராவது, ஒரு செய்தி உண்மையா என்று நீங்கள் அழைத்துக் கேட்டால் விசாரித்துச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்றும், இரண்டு நாள் பொறுங்கள் என்றும் சொல்வார்கள்; அந்தப் பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் பகுதிக்கான தொடர்பு இலக்கங்களை உங்கள் செய்தியாளர்களிடமே கொடுத்துவைத்திருக்கிறேன். கனடாவிலிருந்து அழைப்பவர்கள் மட்டும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ரொறன்ரோவில் கோடையில் மாலை ஆறு மணி என்றால் இங்கே விடிய மூன்றரை, அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் வீட்டிலுள்ளவர்கள் வேறு செய்தியை நினைத்துத்தான் எழும்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாவட்டம்.